வெள்ளி அடித்த விமானம்

வடக்கே
20-5-65

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி செல்லக்கண்ணு எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலியும் மாமாவின் முன்கோபமும் அங்கே சுகமாக இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஊர் பெயரை எழுதக் கூடாது என்று உத்தரவு. எழுதச் சொன்னாலும் எனக்கு வராது, மூன்றாம் வகுப்பில் அவ்வளவு கரடுமுரடான எழுத்தெல்லாம் சொல்லித்தரவில்லை. தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்களாம். அதனால் லீவில் ஊருக்கு வருகிற துறையூர் டிரைவர் ஒருவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்கு ஒரு டம்ளர் காபி கொடு. உன் காபியைக் குடித்துவிட்டால், திரும்பிப் போய் எந்தச் சண்டையில் நிற்கவும் அந்த மனுஷன் பயப்பட மாட்டார்.

ரயிலில் என் பந்தல் கையாள் பிச்சமுத்துவைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். இங்கே கொடுக்கிற ரொட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவன், "அண்ணே, இதுல நாலு கிடைச்சா நம்ம பந்தலுக்கு மேல் மூடாக்குப் போட்டுடலாம்" என்கிறான். உன் மகன் வீரமலைதான் ஸ்டேஷனுக்கு வந்து எங்களைக் கூட்டிப் போனான். நீ பயந்த மாதிரி அவன் இளைக்கவில்லை. மீசை வைத்திருக்கிறான். அதைப் பார்த்து எதிரி பயப்படுவானோ என்னவோ, எனக்குச் சிரிப்பு அடங்க அரை மணி நேரம் ஆயிற்று.

இந்த வேலை எனக்கு வந்ததே அவனால்தான். ஆபீசரிடம், "எங்க மாமா ஸ்ரீரங்கத்துல பந்தல் போடுறவர் சார். மூங்கிலும் துணியும் குடுத்தா யானையையே செஞ்சு நிறுத்துவார்" என்று அளந்திருக்கிறான். அவர் யானை வேண்டாம், விமானம் செய் என்கிறார். பொம்மை விமானம். மூங்கில் எலும்பு, காடாத் துணித் தோல், மேலே பெயிண்ட். மைதானத்தின் ஒரு கோடியில் வரிசையாக நிறுத்தி வைத்தால், மேலே பறந்து வருகிற எதிரி நிஜம் என்று நினைக்க வேண்டும். அதுதான் என் உத்தியோகம்.

நிஜத்தையும் காட்டினார்கள். அக்கா, நான் பெரிதாக ஏதோ நினைத்துக்கொண்டு போனேன். இத்தனூண்டு! கால் குட்டை, இறக்கை குட்டை, இறக்கை இரண்டும் பயந்த கோழி மாதிரிப் பின்னால் மடிந்திருக்கின்றன. பேர் நாட். அது ஏதோ ஒரு கொசுவின் பெயர் என்றான் வீரமலை. சண்டைக்கு வேறு எந்த ஊரிலும் இவ்வளவு சின்னதாக விமானம் செய்வதில்லையாம். பக்கத்தில் நின்றால் முதுகைத் தட்டிக் கொடுக்கலாம் போல் இருக்கிறது. வீரமலை நிஜமாகவே தட்டிக் கொடுக்கிறான். அதற்குப் பெட்ரோல் ஊற்றுவதும் துடைப்பதும்தான் அவன் வேலை. அவன் துடைக்கிற அழகைப் பார்த்தால் நீ பெண் தேடுவதை நிறுத்திவிடலாம்.

மாமாவுக்கு என் வணக்கம். ஸ்ரீரங்கம் போனால் மயிலம்மாளைப் பார்த்து, உன் புருஷன் விமானம் செய்கிறான் என்று சொல். நம்ப மாட்டாள். ஆனாலும் சொல்.

உன் தம்பி,
செல்லக்கண்ணு


பொன்மலை
8-6-65

அன்புள்ள தம்பிக்கு அக்காள் அமிர்தத்தின் ஆசீர்வாதம். மாமா சுகம். நீ விசாரித்ததை முழங்காலிடம் சொல்லிவிட்டேன், அது அப்படியேதான் இருக்கிறது.

துறையூர்க்காரர் இரண்டு டம்ளர் காபி குடித்தார். இரண்டாவது அவராகக் கேட்டு வாங்கியது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் கடுதாசியை மயிலம்மாளுக்கும் படித்துக் காட்டினேன். "வீட்டுக் கூரையில ஒழுகுறதை அடைக்கத் தெரியாது, விமானம் செய்யுறாராமா" என்று கேட்டாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். துறையூர்க்காரர் சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

என்ன என்கிறாயா? அந்த டிரைவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "சண்டைன்னு வந்தா முதல்ல எதைங்க அடிப்பாங்க?" என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைக்காமலே, "விமானத்தைத்தாம்மா. மேல கிளம்பறதுக்கு முன்னாடி தரையிலயே அடிச்சுட்டா அவனுக்கு வேலை மிச்சம்" என்றார். என்னமோ கொத்தமல்லி விலை சொல்கிற மாதிரிச் சொன்னார்.

தம்பி, வீரமலை நாள் முழுக்க அந்த விமானத்தின் வயிற்றுக்கு அடியில்தானே நிற்கிறான்? அதுவும் பெட்ரோல் குழாயைப் பிடித்துக்கொண்டு. ரேடியோவில் தினமும் எல்லையில் அடிதடி என்கிறார்கள்.

நீ செய்கிறது பொம்மை. அதில் பெட்ரோல் கிடையாது, வெடி கிடையாது. அவனை உன் பக்கம் இழுத்துக்கொள். உனக்கு இந்தி தெரியாது, அவனுக்குத் தெரியும். கூட ஒருத்தன் இருந்தால்தான் வேலை ஓடும் என்று உன் ஆபீசரிடம் சொல். நீ சொன்னால் கேட்பார். அந்த வாயால் எத்தனை பேரைச் சம்மதிக்க வைத்திருக்கிறாய்.

வீரமலைக்கு இது தெரிய வேண்டாம். நீயாகக் கேட்ட மாதிரி இருக்கட்டும்.

ஆசீர்வாதத்துடன்,
அக்காள் அமிர்தம்


வடக்கே
30-6-65

அன்புள்ள அக்காவுக்குச் செல்லக்கண்ணு எழுதுவது. வெயில் மட்டும் என்னைவிடச் சுகமாக இருக்கிறது. நேற்றுப் பிச்சமுத்து வழுக்கைத் தலையில் துண்டை நனைத்துப் போட்டான், ஆவி பறந்தது. இனிமேல் என் கடுதாசியெல்லாம் லீவில் போகிறவர்கள் கையில் வந்து திருச்சியில்தான் தபாலில் விழும்.

முதல் பொம்மை முடிந்துவிட்டது. அதற்குள் நான் பட்ட பாடு! இங்கே இருக்கிற கோந்து ஒன்றும் ஒட்டவில்லை. புளியங்கொட்டை வேண்டும் என்று கேட்டேன். வீரமலை அதை இந்தியில் சொல்லி, ஆபீசர் அதை இங்கிலீஷில் எழுதி, எங்கிருந்தோ ஒரு மூட்டை வந்து இறங்கியது. பார்த்தால் கொட்டையோடு புளியும் இருக்கிறது. புளியைச் சமையல்காரனிடம் கொடுத்துக் குழம்பு வைக்கச் சொன்னோம், கொட்டையை அரைத்துக் கூழ் காய்ச்சினோம். ராணுவச் செலவில் புளிக்குழம்பு சாப்பிட்ட முதல் ஆள் உன் தம்பிதான்.

மூங்கிலைப் பிளந்து வரிச்சு கட்டி, துணியை இழுத்து ஒட்டி, கூழ் பூசிக் காயவிட்டால் மத்தளத் தோல் மாதிரி விறைக்கிறது. மேலே வெள்ளி பெயிண்ட். ஒரு நாள் காலையில் பெரிய கழுகு ஒன்று வாலில் வந்து உட்கார்ந்தது. நிஜ விமானத்தில் அது உட்காரும் என்று வீரமலை சொன்னான். அப்படியானால் கழுகு ஏமாந்துவிட்டது. நம் வேலை பாஸ்.

ஆபீசர் மேலே பறந்து போய்ப் போட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். "எது நிஜம், எது உன்னுது, சொல்லு" என்று என்னையே கேட்டார். தப்பாகச் சொல்லிவிட்டேன்! பெற்றவனுக்கே பிள்ளை தெரியவில்லை. அவர் சிரித்து என் தோளில் தட்டினார். இன்னும் நிறைய வேண்டுமாம். வைக்கோலில் ஆள் செய்து, சட்டை மாட்டி, பக்கத்தில் நிறுத்தியிருக்கிறோம். அதில் ஒன்று அச்சாக மாமா மாதிரியே இருக்கிறது, எப்போதும் முறைத்துக்கொண்டே நிற்கிறது.

வீரமலை நன்றாகச் சாப்பிடுகிறான். ராத்திரி எங்கள் கொட்டகைக்கு வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போகிறான். கவலைப்படாதே.

உன் தம்பி,
செல்லக்கண்ணு


பொன்மலை
18-7-65

தம்பி செல்லக்கண்ணுவுக்கு அக்காள் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான்.

உன் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புளி இருக்கிறது, கழுகு இருக்கிறது, உன் மாமாவைக் கேலி பண்ணினது இருக்கிறது. நான் கேட்டது மட்டும் இல்லை. கேட்டேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கேட்க உனக்கு மட்டும்தான் சங்கடமா? நான் யாரிடம் போய் எதைக் கேட்டிருக்கிறேன்? அம்மா போனபோது உனக்கு நடக்கத் தெரியாது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நான் தண்ணீர் எடுத்தேன், அடுப்பு மூட்டினேன். அதை இதுவரை சொல்லிக்காட்டியதில்லை. இப்போது சொல்லிக்காட்டுகிறேன். சமயபுரத்தில் மண்சோறு சாப்பிட்டுப் பெற்ற பிள்ளை அவன். அவனுக்கு முன்னேயும் ஒன்றும் இல்லை, பின்னேயும் ஒன்றும் இல்லை.

தினமும் சாயங்காலம் பொன்மலை ஒர்க்ஷாப் சங்கு ஊதும்போது மாமா வேலையிலிருந்து வருகிற நேரம் என்று இத்தனை வருஷமாக உலை வைத்தவள் நான். இப்போது சங்கு ஊதினால் உலையை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். அங்கே எதிரி வந்தாலும் இப்படித்தான் ஊதுவார்கள் என்று எவளோ சொன்னாள்.

கேலி பண்ணி மழுப்பாதே. முடியும் அல்லது முடியாது என்று எழுது. முடியாது என்றால் ஏன் என்று எழுது. காரணம் சரியாக இருந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

அமிர்தம்


வடக்கே
9-8-65

அன்புள்ள அக்காவுக்கு உன் இடுப்பில் வளர்ந்த செல்லக்கண்ணு எழுதுவது. நான் சுகம். நீ இனிமேல் சுகம்.

கேட்டுவிட்டேன். கிடைத்துவிட்டது. போதுமா? போன வாரம் முதல் வீரமலை என் பக்கம்.

ஆபீசரிடம், "சாமி, எனக்குத் தெரிஞ்ச இந்தி ரெண்டே வார்த்தை. அதுல ஒண்ணு கெட்ட வார்த்தைன்னு நேத்துத்தான் தெரிஞ்சுது" என்றேன். வீரமலைதான் அதையும் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போடுகிறோம் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே சொன்னான். உத்தரவு வந்த பிறகுதான் முகம் கறுத்தது.

"மாமா, நான் நிஜ விமானத்துக்கு வேலை கத்துக்கிட்டு வந்தவன். என் கையில மூங்கிலைக் குடுத்துட்டீங்களே. கூட இருக்கிறவனுங்க என்னைப் பந்தல்காரன்னு கூப்பிடுறானுங்க" என்றான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "உங்கம்மா ராத்திரியில தூங்கணும்டா" என்றேன். பிறகு மூங்கிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, அம்மாவுக்காக" என்றான். நீ சொல்லக் கூடாது என்றாய். வாயில் வந்துவிட்டது, மன்னித்துக்கொள்.

இப்போது வைக்கோல் ஆட்களை எடுத்துவிட்டோம். மேலே இருந்து பார்த்துவிட்டு, "நாளெல்லாம் ஒரே இடத்தில் நிற்கிற ஆளை எவன் நம்புவான்?" என்றாராம் ஆபீசர். அதனால் நாங்களே நடமாடுகிறோம். காலி வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறோம். இல்லாத பெட்ரோலை ஊற்றுகிறோம். இல்லாத இஞ்சினைத் துடைக்கிறோம். எனக்கும் பிச்சமுத்துவுக்கும் சிரிப்பு வந்து கெட்டுவிடுகிறது. வீரமலைக்குத்தான் அச்சாக வருகிறது, நிஜத்தில் செய்தவன் அல்லவா? அவனைப் பார்த்தால் நானே அந்த மூங்கில் கிளம்பிவிடும் என்று நம்பிவிடுவேன்.

இன்னொரு வேடிக்கை. நிஜ விமானத்துக்கெல்லாம் பச்சையும் மண் நிறமும் அடித்து, மேலே வலை போட்டு மூடிவிட்டார்கள். பக்கத்தில் போனால்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. என்னுடையதற்கு மட்டும் வாராவாரம் புது வெள்ளி. வெயிலில் கல்யாணப் பெண் மாதிரி ஜொலிக்கின்றன.

நிம்மதியாகத் தூங்கு. குறட்டை மட்டும் குறைத்துக்கொள், இதுவரை கேட்கிறது.

உன் தம்பி,
செல்லக்கண்ணு


பொன்மலை ஒர்க்ஷாப்
22-8-65

மாப்பிள்ளை செல்லக்கண்ணு அவர்களுக்கு ரங்கசாமி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்காளும் நலம்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. உங்கள் அக்காளுக்குத் தெரியாமல் வேலை இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அவள் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படித்துக் காட்டுகிறாள். நானும் கேட்டுச் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகு பெயிண்ட் விஷயம் மட்டும் மனதில் நின்றது. நான் இருபது வருஷமாக ரயில் பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். நிஜத்துக்குப் பச்சை அடித்து வலை போட்டு மறைக்கிறார்கள் என்கிறீர்கள். பொம்மைக்கு வெள்ளி அடித்து வெயிலில் காட்டுகிறார்கள் என்கிறீர்கள். வருகிறவன் ஏமாற வேண்டும், அதுதான் வேலை என்கிறீர்கள்.

சரி. ஏமாந்தவன் அப்புறம் என்ன செய்வான்?

இதற்கு மட்டும் பதில் எழுதவும். வீட்டு விலாசத்துக்கு வேண்டாம், ஒர்க்ஷாப் விலாசத்துக்கு எழுதவும். அமிர்தம் இப்போதுதான் ராத்திரியில் தூங்குகிறாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
ப. ரங்கசாமி


வடக்கே
2-9-65

மாமாவுக்குச் செல்லக்கண்ணு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நலமாக இருக்கிறோம். நீங்கள் எனக்குக் கடுதாசி எழுதியதைப் பார்த்துப் பிச்சமுத்து, "ஊர்ல யாரும் செத்துப் போயிட்டாங்களா அண்ணே?" என்று கேட்டான். அவ்வளவு அதிசயம்.

மாமா, நீங்கள் பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறபோதே இவ்வளவு யோசித்தால் எப்போது அந்தப் பெட்டி வெளியே வருவது? அதனால்தான் நம் ஊர் ரயிலெல்லாம் தாமதம்.

இங்கே இடுப்பு ஆழத்துக்குக் குழி வெட்டி வைத்திருக்கிறோம். சங்கு ஊதினால் எல்லாரும் அதில் குதித்துவிடுவோம். தினமும் பழக்குகிறார்கள். நான் ஒரு தரம் பிச்சமுத்துவின் மேல் குதித்துவிட்டேன், அதுதான் இதுவரைக்கும் நடந்த ஒரே சேதம். கடைசி வரிசையில் நிற்கிற விமானத்திலிருந்து குழிக்குக் கொஞ்சம் தூரம்தான், ஆனால் வீரமலை சின்னப் பையன், கால் இருக்கிறது, ஓடி வருவான்.

அவனைப் பழைய இடத்துக்கே அனுப்பிவிடச் சொல்லலாமா என்று ஒரு நாள் போய் ஆபீசர் அறை வாசலில் நின்றேன். மடியேந்திக் கெஞ்சி வாங்கின ஆளை ஒரு மாதத்திலேயே திருப்பிக் கொடுத்தால் என்ன நினைப்பார்? அந்த இடத்தில் வேறொரு பையனைப் போட்டும் விட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன். பெரிய சண்டையெல்லாம் வராது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அக்காவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். நீங்களும் தூங்குங்கள்.

இப்படிக்கு,
செல்லக்கண்ணு


பொன்மலை
9-9-65

என் தங்கமான தம்பிக்கு அக்காள் அமிர்தத்தின் ஆசீர்வாதம். நாங்கள் எல்லாரும் சௌக்கியம். நீயும் வீரமலையும் பிச்சமுத்துவும் அங்கே சௌக்கியமாக இருக்க சமயபுரத்தாள் துணை.

ரேடியோவில் சண்டை என்று சொல்லிவிட்டார்கள். இங்கே ராத்திரி விளக்கெல்லாம் அணைக்கச் சொல்கிறார்கள், திருச்சிக்கும் குண்டு வந்துவிடும் என்கிற மாதிரி. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளின் தம்பி ஜம்முவில் இருக்கிறானாம், அவள் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள். மாமாகூட என்னமோ போல் இருக்கிறார். சாப்பாட்டில் உட்கார்ந்து தட்டையே பார்க்கிறார். "என்ன?" என்றால் "ஒண்ணுமில்ல" என்கிறார். உன் வைக்கோல் ஆள் தேவலை.

நான் மட்டும்தான் இந்தத் தெருவில் தைரியமாக இருக்கிறேன். "எம் மவன் பொம்மை பக்கத்துல இல்ல நிக்கிறான், அவனுக்கென்ன" என்று வெள்ளையம்மாளிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். பாவம், சொல்லியிருக்கக் கூடாது.

உன்னை அன்றைக்கு அதட்டி எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. நீ செய்தது சின்ன உதவி இல்லை. சமயபுரத்துக் குங்குமம் இதற்குள் வைத்திருக்கிறேன். வீரமலை நெற்றியில் நீயே வைத்துவிடு. மீசையை எடுக்கச் சொல்லாதே, வந்து நான் பார்க்க வேண்டும்.

அக்காள்
அமிர்தம்


வடக்கே
24-10-65

அக்காவுக்கும் மாமாவுக்கும் செல்லக்கண்ணு எழுதுவது.

தந்தி கிடைத்திருக்கும். கிடைத்து இத்தனை நாள் ஆகியும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் என் கை வழக்கம்போல ஏதாவது எழுதிவிடுகிறது. கிழித்துப் போட்டேன்.

காலை வேளை. சங்கு ஊதியது. நானும் பிச்சமுத்துவும் குழிக்குள் இருந்தோம். வீரமலை கடைசி விமானத்துப் பக்கம் இருந்தான். ஓடி வந்தான். நான் பார்த்தேன், ஓடித்தான் வந்தான்.

இந்தச் சண்டையில் உடம்பை ரயிலில் ஊருக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். யூனிபாரம் போட்டவர்கள் வரிசையாக நின்று துப்பாக்கி சுட்டு மரியாதை செய்தார்கள். கொள்ளி நான்தான் வைத்தேன். மாமா இருக்கும்போது நான் வைத்தது தப்புத்தான், வேறு யாரும் இல்லை.

அக்கா, இதைச் சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். வந்த குண்டெல்லாம் பொம்மை மேலேயே விழுந்தது. நிஜ விமானம் ஒன்றுக்கும் சேதம் இல்லை. அவைதான் அப்புறம் மேலே போய்ச் சண்டை போட்டன. பெரிய ஆபீசர் எங்கிருந்தோ வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னமோ சொன்னார். பெயர்த்துச் சொல்ல ஆள் இல்லை. வேலை நன்றாகப் பலித்தது என்று சொன்னதாகப் பிறகு தெரிந்துகொண்டேன். அவர் கை குலுக்கும்போது நான் சிரித்துவிட்டேன் அக்கா. அது பழக்கம். யார் கை கொடுத்தாலும் முகம் அப்படி ஆகிவிடுகிறது.

நீ அனுப்பிய குங்குமம் அது நடந்து நாலு நாள் கழித்து வந்தது.

செல்லக்கண்ணு


வடக்கே
28-11-65

அக்காவுக்குச் செல்லக்கண்ணு. உன்னிடமிருந்து பதில் இல்லை. மாமாவிடமிருந்தும் இல்லை. மயிலம்மாள் மட்டும் எழுதினாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வாசலில் பந்தல் போட நம் ஆட்கள் கழியும் துணியும் எடுத்துக்கொண்டு வந்தார்களாம், நீ திருப்பி அனுப்பிவிட்டாயாம். எல்லாரும் வெயிலில் உட்கார்ந்தார்களாம்.

இங்கே குளிர் வந்துவிட்டது. பிச்சமுத்துவை ஊருக்கு அனுப்பிவிட்டேன், அவன் ராத்திரியில் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தான். எரிந்து போனதற்குப் பதிலாக இன்னும் பொம்மை செய்யச் சொன்னார்கள். நான் செய்கிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பொங்கலுக்கு லீவு கொடுக்கிறார்கள். வருகிறேன். நீ திட்ட வேண்டும். உலக்கையை எடுத்து அடித்தாலும் நிற்கிறேன், என் முதுகு உனக்குத் தெரியாததா? ஒரு வரி எழுது அக்கா. எப்படி இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

செல்லக்கண்ணு


பொன்மலை
16-12-65

செல்லக்கண்ணுவுக்கு,

இரண்டு கடுதாசியும் வந்தன.

உன் மாமா உனக்கு ஒரு கேள்வி எழுதியதையும் நீ எழுதிய பதிலையும் காரியம் முடிந்த அன்று சாயங்காலம் எனக்குச் சொன்னார். "எங்கிட்ட ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டேன். "நீ நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தே" என்றார். அவருக்கு மூன்று வேளையும் சோறு போடுகிறேன். பேச்சு இல்லை.

உன் பழைய கடுதாசிகளை எடுத்துப் பார்த்தேன். பொம்மை பக்கம் பயமில்லை என்று நீ எங்கேயாவது எழுதியிருக்கிறாயா என்று தேடினேன். இல்லை. ஒரு இடத்திலும் எழுதவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான். பயம் உண்டு என்றும் நீ எழுதவில்லை. காரணம் எழுது, வாயை மூடிக்கொள்கிறேன் என்று உன்னிடம் கேட்டேன். ஒரு வரி. நீ புளிக்குழம்புக்கு எழுதினதில் கால்வாசி இருந்தால் போதும்.

உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆரம்பித்தால் இரண்டாவது வார்த்தையிலேயே, அவனை இழுத்துக்கொள் என்று எழுதினவள் யார் என்று வந்து நிற்கிறது. அதற்குமேல் ஓடவில்லை.

போன வாரம் மன்னார்புரத்துப் பையன் ஒருவன் வந்தான். நல்லதம்பி என்று பெயர். வீரமலை விட்ட இடத்தில் இவனைத்தான் போட்டார்களாம். லீவில் வந்திருக்கிறான், கூட அவன் அம்மாவும் வந்தாள். நல்ல பையன். "அம்மா, வீரமலை பார்த்துக்கிட்டிருந்த விமானத்துல ஒரு கீறல்கூட இல்லீங்க. நான் தினமும் அவன் மாதிரியே துடைக்கிறேன்" என்றான். அந்த விமானத்தைச் சுற்றி வேலை பார்த்தவர்களில் ஒருவனுக்கும் ஒன்றும் இல்லையாம். எல்லார் பெயரையும் சொன்னான். எல்லாரும் பொங்கலுக்கு வீட்டுக்குப் போகிறார்களாம்.

அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உதறிவிட வேண்டும் போல் இருந்தது. உதறவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வா. மயிலம்மாள் தனியாகக் கிடக்கிறாள், அவளோடு இரு. இங்கே வராதே. திட்டுவேன் என்றோ அடிப்பேன் என்றோ நினைக்காதே, அதற்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்லை. நீ வாசலில் வந்து நின்றால் உன் வாய் சும்மா இருக்காது. ஏதாவது சொல்லுவாய். நானும் பழக்க தோஷத்தில் சிரித்துவிடுவேன். அதற்குத்தான் வர வேண்டாம் என்கிறேன்.

அமிர்தம்